எல்மன்ஷ்டாட் நடந்து வந்தது

எண்ணூறு வருஷமாக விர்னா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த எல்மன்ஷ்டாட் என்கிற ஊர், ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், தேவாலய மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழுவது போல மெல்ல எழுந்து, தன் மதிலையும் ஏழு காவல் கோபுரங்களையும் நூற்று நாற்பது வீடுகளையும் அவற்றுக்குள் சாப்பிட உட்கார்ந்திருந்த மனிதர்களையும் சுமந்துகொண்டு, வடக்குப் பார்த்துப் பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து, மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஒரு கடுகு வயலில் மறுபடியும் உட்கார்ந்தது.

அதற்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமை, ஆவுடைச்செல்வி தன் கணவன் உலகநாதனோடும் எட்டு வயது மகள் வெண்பாவோடும் அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தாள்.

சனிக்கிழமை என்றால் அவர்களுக்கு ஊர் பார்க்கும் நாள். ஜெர்மனிக்கு வந்த ஆறு வருஷத்தில் மழையோ பனியோ காய்ச்சலோ எதற்காகவும் உலகநாதன் ஒரு சனிக்கிழமையை விட்டதில்லை. காலையில் ஏழரை மணி ரயில், எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சை சாதம், அவித்த முட்டை, வெண்பாவுக்குத் தனியாகத் தயிர்சாதம், அவன் தோளில் கேமரா. போய் இறங்கும் ஊரில் ஒரு கோட்டை இருக்கும், ஒரு தேவாலயம் இருக்கும், சந்தைத் திடல் இருக்கும், நடுவில் ஒரு நீரூற்று இருக்கும். எந்தக் கல் எந்த நூற்றாண்டில் வைத்தது என்று அவன் மனப்பாடமாகச் சொல்வான். அவன் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பான், ஆவுடை ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். யாரோ ஒருத்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும், யாரோ ஒருவர் பூனையை உள்ளே கூப்பிடுவதையும், ஒரு மேசையில் நான்கு தட்டு வைத்திருப்பதையும் அவள் பார்த்த அளவுக்கு அந்த நாட்டுக் கோபுரங்களைப் பார்க்கவில்லை. வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பார்த்த ஊர் ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தினான். எல்மன்ஷ்டாட் அறுபத்திரண்டாவது.

பார்க்கும் ஊர் மாறியது போலவே இருக்கும் ஊரும் மாறியது. உலகநாதனுடையது ஒப்பந்த வேலை. கார்த் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த தொழிற்சாலைக்குப் போவது. கடையநல்லூரில் அவனுடைய அப்பா முப்பத்துநாலு வருஷம் ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்து, அந்த நாற்காலியிலேயே ஒருநாள் தலை சாய்த்துப் போய்ச் சேர்ந்தவர். அதிலிருந்து மகனுக்கு எங்கேயும் நிலையாக உட்காரப் பயம். ஆறு வருஷத்தில் நான்கு ஊர். ஆவுடை பிசியோதெரபி படித்து அம்பாசமுத்திரத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். அந்தப் படிப்பை இங்கே செல்லும்படியாக்க அவள் விண்ணப்பம் போடுவாள், மொழித் தேர்வு எழுதுவாள், ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் பிடிப்பாள், பிடித்த மாதத்தில் வீட்டைக் காலி செய்யும்படி ஆகும். புது மாநிலத்தில் புது அலுவலகம், முதல் பக்கத்திலிருந்து புது விண்ணப்பம். மூன்று முறை இப்படி ஆயிற்று. நான்காவது ஊரான புருக்ஃபெல்ட்டில் விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது.

எல்மன்ஷ்டாட்டின் சந்தைத் திடலில், நீரூற்றின் கல் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தபோது, மணிக்கூண்டைப் படம் எடுத்துக்கொண்டே உலகநாதன் சொன்னான், ஜூன் மாதம் ஸ்வீடனுக்குப் போகிறோம், கோத்தன்பர்க்கில் இரண்டு வருஷ ஒப்பந்தம், நேற்று கையெழுத்துப் போட்டாயிற்று என்று. வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னான். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒருத்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு ஆவுடை மெதுவாக, தெளிவாக, தமிழில் சொன்னாள்.

"நான் இங்கயே இருந்துருதேன்."

"நல்லாத்தான் இருக்கு ஊரு," என்றான் உலகநாதன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணேகாலுக்கு ரயிலு."

தண்ணீரில் கைவிட்டு விளையாடிக்கொண்டிருந்த வெண்பா மட்டும் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஊர் நடந்த செய்தி வானொலியில் போக்குவரத்துத் தகவலாக வந்தது. இன்ன நெடுஞ்சாலையில் இன்ன இடத்தில் ஒரு ஊர் குறுக்கே இருப்பதால் நான்கு கிலோமீட்டருக்கு நெரிசல், வாகனங்கள் மாற்றுப் பாதையில் போகவும் என்று சொல்லிவிட்டு, வானிலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஊர் தினமும் பன்னிரண்டு மணிக்கு எழும், பதின்மூன்று கிலோமீட்டர் நடக்கும், உட்காரும். ஞாயிற்றுக்கிழமை நடக்காது, ஏனென்றால் அந்த நாட்டில் ஞாயிறன்று சத்தம் போடக்கூடாது என்பது அதற்கும் தெரிந்திருந்தது. அது வரும் வழியில் மரங்களும் கொட்டகைகளும், கூட்டமான பேருந்தில் ஒருவருக்கு இடம் கொடுக்க எல்லோரும் கொஞ்சம் நெருக்கி உட்காருவது போல, இப்படியும் அப்படியுமாக ஒதுங்கிக் கொடுத்தன. அது எழுந்து போனபின் அந்தத் தரை சப்பட்டையாகத் தட்டிவிட்டது போல மட்டமாகவும், கை வைத்துப் பார்த்தால் கதகதப்பாகவும் இருந்தது. ரயில் நிலையங்களில் எல்மன்ஷ்டாட்டுக்கான பலகையின் கீழே இன்றைய இடம் என்று சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். தபால்காரர்கள் காலையில் வானொலி கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரொட்டிக்கடை இல்லாத குக்கிராமங்களுக்கு ஒருநாள் ரொட்டிக்கடை கிடைத்தது. அங்குள்ளவர்கள் முதலில் பயிர் போயிற்றே என்று புகார் எழுதினார்கள், அடுத்தடுத்த கிராமத்தார் மேசை போட்டு விரிப்பு விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்கள்.

ஊருக்குள் இருந்தவர்களுக்கும் அப்படி ஒன்றும் பெரிய அதிர்ச்சி இல்லை. ஊர் நடக்கும்போது கிண்ணத்தில் சூப்புகூடத் தளும்பவில்லை. ஆனால் கிணறுகளின் தண்ணீர் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டது. தீயணைப்பு வண்டி தினமும் தண்ணீர் கொண்டு வந்தது. மாவு ஆலையின் சக்கரம் காற்றில் தொங்கியது. கல்லறைத் தோட்டம் மதிலுக்கு வெளியே இருந்ததால் அதுவும் வரவில்லை. செத்தவர்களை அங்கே விட்டுவிட்டு உயிரோடு இருப்பவர்கள் மட்டும் வந்திருந்தார்கள்.

புருக்ஃபெல்ட்டின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதை நடத்தியவர் நாசரேத்திலிருந்து வந்து இருபது வருஷமாக இங்கே நர்ஸாக இருக்கும் டெய்சிராணி அக்கா. ஊர் இரண்டாம் வாரம் நூறு கிலோமீட்டருக்குள் வந்தபோது, இத்தனை நாள் நாம் ரயிலேறிப் போனோம், இப்போது அதுவே வருகிறது, மே மாத ஒன்றுகூடலை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதினார்; யார் புளியோதரை, யார் வடை என்று பட்டியல் போடத் தொடங்கினார்கள். உலகநாதன்தான் குழுவில் அந்த ஊரின் சரித்திரத்தைத் தவணை தவணையாக எழுதினான். ஒவ்வொரு மாலையும் சுவர் வரைபடத்தில் அறுபத்திரண்டாவது குண்டூசியைப் பிடுங்கிப் புது இடத்தில் குத்தினான். குத்திய ஓட்டைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. பத்தாவது ஓட்டை விழுந்த அன்று அவன் ஒரு அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டிப் பார்த்தான். பென்சில் அவர்கள் தெருவில் வந்து நின்றது.

அவன் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான். அடுப்படியில் நின்ற ஆவுடை அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தாள்.

மறுநாள் தொலைக்காட்சியில் எல்மன்ஷ்டாட்டின் ரொட்டிக்கடைக்காரி வால்புர்கா பேசினாள். ஐம்பது வயது, முழங்கைவரை மாவு. ஊர் எதற்காக நடக்கிறது என்று கேட்டார்கள். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், என்றாள் அவள். யாரோ ஒருவர் சந்தைத் திடலில் உட்கார்ந்து இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், நாளைக்கு ஆயிரம் பயணிகள் அப்படிச் சொல்கிறார்கள், ஊர் காதில் போட்டுக்கொள்வதில்லை, இது மனசிலிருந்து சொன்ன ஆள். முன்பும் ஒருமுறை நடந்ததாம், அவள் பாட்டன் காலத்துக்கு முந்தி, ஓர் ஆலைக்காரன் மகளுக்காக. அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாளாம், ஆனால் அவள் அப்பா அவளுடைய கையைப் பிடித்து அப்படிச் சொல்லவைத்தாராம், அதனால் ஊர் அதை நம்பவில்லை. கடைசியில் வந்து ஆலைமேல் உட்கார்ந்து அதை நசுக்கிவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குத் திரும்பியதாம்.

எந்த முட்டாள் சொல்லியிருப்பான், என்று கேட்டுச் சிரித்தான் உலகநாதன். வெண்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. படுக்கப் போகும்முன் அம்மாவின் காதோரம் வந்து, "அப்பாட்ட நான் சொல்லல," என்றாள். ஆவுடை அவளுடைய தலைமுடியைக் கோதிவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளையை இப்படி ஒரு ரகசியத்தைச் சுமக்க வைத்துவிட்டோமே என்று நினைத்தபடி விளக்கை அணைத்தாள்.

மூன்றாம் வாரம் ஊருக்கு நடை சுருங்கியது. தான் தேடி வந்த வாசல் பக்கத்தில்தான் என்று தெரிந்த விருந்தாளி மாதிரி, ஒருநாள் நாலு கிலோமீட்டர், மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் எண்ணூறு மீட்டர் என்று வந்தது. ஆவுடையின் அடுப்படி ஜன்னலில் முதலில் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் உலோகச் சேவல் தெரிந்தது, பிறகு கோபுரம், பிறகு மதில். வயல்கள் முடிந்து வீடுகள் தொடங்கிவிட்டதால் இனி ஒதுங்கிக்கொடுக்க இடமில்லை. புதன்கிழமை மழலையர் பள்ளியின் ஊஞ்சல் கம்பங்கள் வளைந்தன. வியாழக்கிழமை ஒன்பதாம் எண் கட்டடத்தின் சுவரில், அடித்தளத்திலிருந்து மூன்றாவது மாடிவரை, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியது. குடியிருப்புச் சங்கம், அயலூர் மணிகள் மதியம் ஒன்று முதல் மூன்று வரை அடிக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன் மேலேயே இன்னொரு நோட்டீஸ் ஒட்டினார்கள், பதினான்காம் எண் கட்டடத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும் என்று. பதினான்கு இவர்களுடையது.

அன்று மாலை பள்ளி அரங்கில் கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து வந்த ஹென்னிங் என்ற அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பொறியாளர்களாலும் ராணுவத்தாலும் ஆகவில்லை, கூப்பிட்டவர் இந்தத் தெருவில்தான் இருக்கிறார், வழக்குப் போடமாட்டோம், பெயர்கூட எழுதிக்கொள்ளமாட்டோம், ஒன்று உள்ளே போய்க் குடியிருங்கள், இல்லையென்றால் உங்கள் விருப்பத்தை அதனிடம் உண்மையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துவீட்டுக்காரர் மேல்மாடிக்காரரைப் பார்த்தார், மேல்மாடிக்காரர் புதிதாக வந்த சிரியாக்காரக் குடும்பத்தைப் பார்த்தார். அந்தக் குடும்பத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடை வாயைத் திறக்கவேண்டிய நேரம் அதுதான். அவள் தன் காலணியைப் பார்த்தாள்.

அப்போது பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்தார். பெயர் ஆன்ஸ்கர், வால்புர்காவின் கணவர், விர்னா ஆற்றில் தோணி விடுகிறவர். ஊர் எழுந்த அன்று அவர் ஆற்றில் இருந்தார். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக அவருடைய தோணியைத் தவிர வழியில்லை என்பதால், தோணியையும் விடமுடியாமல் மனைவியையும் விடமுடியாமல், மதியத் தோணி முடிந்ததும் ரயிலேறி ஊர் இருக்கும் இடத்துக்கு வந்து, அவளோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, விடிகாலை ரயிலில் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தூரம் கூடியதில் இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் முடிகிறது. யார் என்று நான் கேட்கவில்லை, என்றார் ஆன்ஸ்கர். இருக்க ஓரிடம் கேட்பது தப்பில்லை. எனக்கும் அது மட்டும்தான் வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், ரயிலுக்கு நேரமாகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஆவுடை சொல்லிவிடப் பார்த்தாள். உலகநாதன் முந்திக்கொண்டான். ஜூன் வரைக்கும் எதற்குக் காத்திருக்கவேண்டும், சனிக்கிழமை எப்படியும் வெளியேறத்தானே சொல்கிறார்கள், அப்படியே காரில் ஏறி வடக்கே போய்விடுவோம், சாமான்களைப் பிறகு ஆள்வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றான். அவனுடைய குரலில் ஒரு துள்ளல் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பெட்டி கட்டினாள். விண்ணப்பக் காகிதங்கள் இருந்த நீலக் கோப்பை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே, முந்நூறு மீட்டரில், மதில் நின்றது. அதன் கல்லிடுக்குகளில் முளைத்திருந்த செடிகளைக்கூட அவளால் எண்ண முடிந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை காலியாக இருந்தது. ஒரு மணிநேரம் ஓட்டியபின் உலகநாதன் வானொலியைப் போட்டான். எல்மன்ஷ்டாட், வழக்கத்துக்கு மாறாக, பன்னிரண்டு மணிக்குக் காத்திராமல் ஒன்பதேகாலுக்கே எழுந்துவிட்டது, புருக்ஃபெல்ட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறி, வண்டிகளின் வேகத்துக்கு வடக்கே போகிறது, ஓட்டுநர்கள் வலது ஓரம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றார்கள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பின்னோக்குக் கண்ணாடியில், மலை ஏற்றத்தின் உச்சியில், முதலில் ஒரு சேவல் தெரிந்தது.

அவன் வேகத்தைக் கூட்டினான். நூற்றுமுப்பது, நூற்றைம்பது, நூற்றெழுபது. பழைய கார் நடுங்கியது. கோபுரங்கள் கண்ணாடியில் வளர்ந்துகொண்டே வந்தன. சத்தம் எதுவும் இல்லை, துணி உலர்த்திய கொடிகள் மட்டும் மதிலுக்கு மேலே படபடத்தன. பின்னிருக்கையில் வெண்பா அழாமல், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காரை நிப்பாட்டுங்க," என்றாள் ஆவுடை.

அவன் நிறுத்தவில்லை.

"அது என்னைத் தேடித்தான் வருது. நிப்பாட்டுங்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். லாரிக்காரர்கள் இளைப்பாறும் ஓர் ஒதுக்கிடம் வலப்பக்கம் வந்தது. அதில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். ரொட்டி தின்றுகொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள், ஊர் வருவதைப் பார்த்துத் தங்கள் மடக்கு நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். எல்மன்ஷ்டாட் வந்து, காரைத் தாண்டிப் போய்த் திரும்பி, அதற்கு முன்னால் பத்தடியில், பெருமூச்சு விட்டது போல உட்கார்ந்தது. கோட்டைவாசல் திறந்திருந்தது. வாசலில் வால்புர்கா நின்றாள். ஆவுடையைப் பார்த்ததும், நீங்கள்தானா என்பது போலத் தலையை மட்டும் அசைத்தாள்.

ஆவுடை இறங்கிப் போய் மதிலில் கைவைத்தாள். வெயில் பட்ட கல் சூடாக இருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன், சும்மா வாய்வார்த்தை, மன்னித்துக்கொள், உன் ஆற்றுக்குத் திரும்பிப் போ என்று தமிழில் சொன்னாள். ஊர் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. காரின் முகப்புக் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கீறல் ஓடியது. உள்ளேயிருந்து வெண்பா அம்மா என்று கூப்பிட்டாள். ஆவுடை மறுபடி சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள். ஊர் இன்னொரு சாண் நகர்ந்தது. உலகநாதன் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வால்புர்கா வாசலில் நின்றபடியே மெதுவாகச் சொன்னாள், "அதற்குப் பொய் ஜீரணமாகாது, அம்மா."

ஆவுடை மதிலிலிருந்து கையை எடுத்தாள். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் கோத்தன்பர்க் வரல," என்றாள். "வெண்பாவும் வரமாட்டா. நாலு ஊர்ல நாலு தடவை முதல்லேருந்து ஆரம்பிச்சிட்டேன். அஞ்சாவது தடவை என்னால முடியாது. எனக்கு இந்த ஊரு வேணும்னு இல்ல. ஏதோ ஒரு ஊர்ல இருக்கணும். இருந்து, வேலைக்குப் போகணும். காலையில ஒரு நாலு பேருக்கு என் பேரு தெரியணும்."

உலகநாதன் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன்," என்றாள் ஆவுடை. "உங்ககிட்டதான் சொன்னேன். ஊருக்குத்தான் கேட்டுச்சு."

லாரிக்காரர்களில் ஒருவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார். ஊர் நகரவில்லை, முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. உலகநாதன், நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டான். நீரூற்றுக் கல்லில் என்றாள். அவனுக்கு அது நினைவில் இல்லை. அந்தச் சனிக்கிழமை மணிக்கூண்டை மட்டும் நாற்பது படம் எடுத்திருந்தான், ஒன்றிலாவது அவள் இருக்கிறாளா என்று யோசித்துப் பார்ப்பவன் போல நின்றான். பிறகு மகளை அவளிடம் கொடுத்தான். கேமராவைக் காரின் கூரைமேல் வைத்தான். வால்புர்காவைத் தாண்டி, கோட்டைவாசலுக்குள், அந்த நீரூற்றுக் கல்லைப் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோனான். ஆவுடை அவனைத் தடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

அவன் சந்தைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றிய நேரத்தில் எல்மன்ஷ்டாட் எழுந்தது. வால்புர்கா ஒரு கையால் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மறுகையை உயர்த்தினாள். ஊர் தெற்குப் பார்த்துத் திரும்பி, மூன்று வாரம் நடந்து வந்த வழியை, வீட்டு ஞாபகம் வந்த மாடு போல ஒரே ஓட்டமாக ஓடி, மலை ஏற்றத்தைக் கடந்து, கண்ணுக்கு மறைந்தது. கதகதப்பான தரையில் ஒரு கார், ஒரு பெண், ஒரு குழந்தை, இரண்டு லாரிக்காரர்கள் மிஞ்சினார்கள்.

அப்பா எங்கே என்று வெண்பா அப்போதுதான் அழத் தொடங்கினாள். ஆவுடை அவளை அணைத்துக்கொண்டாள். ஊர் கேட்டு வந்தது தன்னையல்லவா, அவனை எதற்கு எடுத்துக்கொண்டு போனது, திருப்பித் தருமா தராதா என்று யாரிடம் கேட்பது? சாவி வண்டியிலேயே இருந்தது. ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அவள் நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை. லாரிக்காரர் ஒருவர் கண்ணாடிக் கீறல்மேல் அகலமான பசைநாடாவை ஒட்டிக்கொடுத்து, நான் முன்னால் மெதுவாகப் போகிறேன், பின்னாலேயே வாருங்கள் என்றார். எண்பதுக்கு மேல் போகாமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த கை மரத்துப்போக, அவள் அந்த லாரியின் பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டே புருக்ஃபெல்ட் வந்து சேர்ந்தாள். பதினான்காம் எண் கட்டடம் அப்படியே நின்றிருந்தது. வாசலில் கூடியிருந்தவர்களிடம், கூப்பிட்டது நான்தான் என்று அவள் சொன்னாள். சிரியாக்காரப் பெண் வந்து வெண்பாவைத் தூக்கிக்கொண்டாள். மேல்மாடிக்காரர் பெட்டிகளை மேலே கொண்டுவந்து கொடுத்தார். டெய்சிராணி அக்கா ஒன்றும் கேட்காமல் ரசம் வைத்தார்.

நான்கு மணிக்கு அலைபேசி அடித்தது. உலகநாதன்தான். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஊர் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டது, தோணிக்காரர் தன்னைத் தோணியில் உட்காரவைத்து ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார் என்று துண்டு துண்டாகச் சொன்னான்.

"அஞ்சு பன்னெண்டுக்கு ஒரு ரயிலு இருக்கு," என்றான். "வரட்டுமா?"

ஆறு வருஷத்தில் அவன் ஒரு பயணத்தைப் பற்றி அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆவுடை அலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் படியில் நின்று சொல்கிற வார்த்தையும் அந்த வரட்டுமாதான்.

"வாரதுக்குக் கேக்கீங்களா, போறதுக்குக் கேக்கீங்களா?"

"தெரியல," என்றான். "அதான் கேக்கேன்."

"அப்ப அந்த ரயிலை விட்டுருங்க. தெரிஞ்ச பிறகு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. புருக்ஃபெல்ட்டில் ஊஞ்சல் கம்பங்களை நிமிர்த்தினார்கள், ஒன்பதாம் எண்ணின் வெடிப்பைப் பூசினார்கள். கார்க் கண்ணாடிக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்பியபோது ஊர் மோதியது என்பதற்குக் கட்டம் இல்லாததால், ஆலங்கட்டி மழை என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னார்கள். ஆவுடை திங்கட்கிழமை நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், பயிற்சி இடத்துக்கான கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தாள். வெண்பா ராத்திரியில் இரண்டு முறை எழுந்து அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள், தெரியாது என்று ஆவுடை உண்மையைச் சொன்னாள். அவன் எல்மன்ஷ்டாட்டில் ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருக்கிறான் என்பது மட்டும் தெரியும். பார்த்த அறுபத்திரண்டு ஊர்களில் அவன் ராத்தங்கிய ஒரே ஊர் அது.

செவ்வாய்க்கிழமை மதியம் அழைப்பு மணி அடித்தது. ஆவுடை கதவைத் திறந்தாள். உலகநாதன் நின்றான், மூன்று நாள் தாடியோடு, சட்டையில் மாவோடு. அவனிடம் சாவி இருந்தது; அதைக் கையில் பிடித்துக்கொண்டே மணியை அடித்திருந்தான். கோத்தன்பர்க்குக்கு எழுதிப் போட்டுவிட்டேன், வரமுடியாது என்று சொல்லிவிட்டேன், ஜூனோடு இந்த வேலையும் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று ஒன்றும் தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்றான். அவன் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"உள்ள வாங்க," என்றாள் ஆவுடை, கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து. "சோறு இப்பதான் வடிச்சேன்."